கேட்கப்படாத முறையீடுகளும் பேய்க்கதைகளும்



இடி இடிக்கும்போது "குவபாரா, குவபாரா" என்று இருமுறை முணுமுணுப்பது ஜப்பானியர்களின் பழைய வழக்கம். இடிக்கு மட்டுமன்றி, விரும்பத்தகாத ஒரு செய்தியைக் கேட்டு 'இது நம் பக்கம் வராதிருக்கட்டும்' என்று நினைக்கும்போதும் அந்தச் சொல் அவர்கள் வாயில் வருகிறது. சொல்லளவில் அதன் பொருள் 'மல்பெரித் தோட்டம்' என்பதே. இடிக்கும் மல்பெரிக்கும் என்ன தொடர்பு? அதற்கு வழங்கிவரும் விளக்கங்களில் ஒன்று நம்மை ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஒரு மனிதனிடம் அழைத்துச் செல்கிறது.

அந்த மனிதனின் வரலாற்றையும், அதைப் போன்ற இன்னும் சில ஜப்பானியக் கதைகளையும் சொற்களையும் இந்த வாரம் உங்கள் சிந்தனைக்கு வைக்கிறேன். பேய்க்கதைகளுக்குச் சபையாரிடையே என்ன இடம் என்று நீங்கள் கேட்பது நியாயமே. நான் சொல்ல விரும்புவது இதுதான்: அநியாயமாய் நடத்தப்பட்டவனின் முறையீட்டை அவன் உயிரோடிருக்கையில் கேளாத சமுதாயம், அவன் இறந்தபின் அவனுக்குப் பயப்படத் தொடங்குகிறது. அந்தப் பயமோ குற்றவாளிகளை விட்டுவிட்டு, மறுபடியும் குற்றமற்றவர்களையே பலி கொள்கிறது. ஆகவே இக்கதைகளைக் கண்டு நடுங்கவும் வேண்டாம், நகைத்துத் தள்ளவும் வேண்டாம். அவற்றில் யார் காயப்பட்டார்கள் என்று கேட்கக் கற்றுக்கொள்வோம்.

ஓர் அறிஞரும் ஓர் இடியும்

சுகவாரா நோ மிச்சிசானே ஒன்பதாம் நூற்றாண்டில் வாழ்ந்த பேரறிஞர், கவிஞர். கல்வியால் உயர்ந்து, கியோட்டோ அரசவையில் அமைச்சர் பதவியை எட்டினார். அவருடைய உயர்வு, செல்வாக்கு மிக்க ஃபுஜிவாரா குடும்பத்தாருக்குப் பொறுக்கவில்லை. அரசனைப் பதவியிறக்கச் சதி செய்தார் என்ற பொய்க்குற்றச்சாட்டின்பேரில் 901-ஆம் ஆண்டு அவர் தலைநகரிலிருந்து அகற்றப்பட்டு, தென்கோடியிலுள்ள கியூஷு தீவுக்கு அனுப்பப்பட்டார். பெயருக்கு ஒரு பதவி. உண்மையில் அது நாடுகடத்தல். 903-இல் அங்கேயே மனமுடைந்து இறந்தார்.

அதன்பின் தலைநகரில் மரணங்கள் தொடர்ந்தன. அவர்மேல் குற்றம் சுமத்தியவர்களில் முதன்மையான ஃபுஜிவாரா நோ தொகிஹிரா 909-இல் இளவயதிலேயே இறந்தார். 923-இல் பட்டத்து இளவரசர் இறந்தார். அந்த ஆண்டில்தான் அரசவை அஞ்சி, இறந்து இருபது ஆண்டுகளான மிச்சிசானேக்குப் பழைய பதவியைத் திருப்பியளித்தது. 930-இல் அரண்மனைக் கட்டடத்தின்மேல் இடி விழுந்து அரசவையினர் சிலர் மாண்டனர்; சில மாதங்களில் அரசரும் மறைந்தார். மிச்சிசானேயின் ஆவிதான் இடியாய் இறங்கியது என்று நகரமே நம்பியது. 947-இல் கியோட்டோவின் கித்தானோவில் அவருக்குக் கோயில் எழுப்பப்பட்டது. இன்றும் அவர் 'தென்ஜின்' என்ற பெயரில் கல்விக்குரிய தெய்வமாய் வணங்கப்படுகிறார். தேர்வுக்காலத்தில் மாணவர்கள் அவருடைய கோயில்களில் திரளுகிறார்கள். குவபாரா என்பது அவருடைய நிலம் இருந்த ஊர் என்றும், அங்கே மட்டும் இடி விழவில்லை என்றும், அதனால் அதன் பெயரைச் சொன்னால் இடி விலகிப்போகும் என்று மக்கள் நம்பினார்கள் என்றும் அந்த விளக்கம் கூறுகிறது.

பிரியமானவர்களே, இந்த வரிசையைக் கவனியுங்கள். உயிரோடிருந்த மனிதனுக்கு ஒரு நியாயமான விசாரணை கிடைக்கவில்லை. இறந்தவனுக்குப் பதவியும் கோயிலும் திருவிழாவும் கிடைத்தன. 901-இல் ஒரே ஒரு நேர்மையான மனிதர் எழுந்து, 'இந்தக் குற்றச்சாட்டுக்குச் சாட்சி எங்கே?' என்று கேட்டு அரசரைத் தடுத்திருந்தால், அந்த மரணங்கள் வந்தபோது எவரும் ஒரு ஆவியைத் தேடியிருக்கமாட்டார்கள். அவர்களைத் துரத்தியது தங்கள் மனச்சாட்சியே என்பது என் எண்ணம்.

ஒன்பது வரை எண்ணிய பணிப்பெண்

ஜப்பானியப் பேய்க்கதைகளில் மிகப் பரவலாக அறியப்பட்டவர்களில் ஒருத்தி ஓகிகு. ஒரு பெரிய வீட்டில் பணிப்பெண். வீட்டின் குலச்சொத்தான பத்துத் தட்டுகள் அவள் பொறுப்பில் இருந்தன. எஜமானின் இச்சைக்கு அவள் இணங்க மறுத்ததால், அவன் ஒரு தட்டை ஒளித்துவைத்துவிட்டுப் பழியை அவள்மேல் போட்டான் என்பது ஒரு கதைவடிவம். அவள் கொல்லப்பட்டுக் கிணற்றில் எறியப்பட்டாள். அன்றுமுதல் இரவுதோறும் கிணற்றிலிருந்து ஒரு குரல் ஒன்று, இரண்டு என்று எண்ணி, ஒன்பதில் நின்று, பின் ஓலமிடும். இக்கதை 1741-இல் ஒசாகாவில் பொம்மலாட்ட நாடகமாய் அரங்கேறியது. ஹிமேஜி கோட்டைக்குச் செல்பவர்களுக்கு இன்றும் 'ஓகிகுவின் கிணறு' என்று ஒன்றைக் காட்டுகிறார்கள்.

இக்கதையின் ஒரு வடிவத்தில் அழகான முடிவு உண்டு. ஓர் இரவு கிணற்றருகே காத்திருந்த ஒருவர், அவள் 'ஒன்பது' என்றதும், 'பத்து!' என்று உரக்கக் கத்துகிறார். ஓலம் அன்றோடு நின்றுவிடுகிறது. விடுபட்டதை யாரோ ஒருவர் சொல்லிவிட்டார். அவள் கணக்கு நேராயிற்று. அவள் உயிரோடிருந்தபோது அந்த வீட்டில் எத்தனையோ பேர் இருந்தார்கள். உண்மை தெரிந்த ஒருவராவது வாய் திறந்திருந்தால் கிணற்றுக்கு வேலையே இருந்திருக்காது.

ஓய்வாவின் கதையும் இவ்விதமே. 1825-இல் எடோ நகரில், அதாவது இன்றைய டோக்கியோவில், நான்காம் சுருயா நம்போகு எழுதி மேடையேற்றிய கபுகி நாடகத்தின் நாயகி அவள். பணமும் வேறொரு திருமணமும் கண்ணை மறைத்த கணவன்; மருந்தென்று சொல்லிக் கொடுக்கப்பட்ட நஞ்சு; அதனால் சிதைந்த அவள் முகம்; பின்பு மரணம். இன்றுவரை அந்நாடகத்தில் நடிப்பவர்கள் முன்கூட்டியே யோட்சுயாவிலுள்ள ஓய்வாவின் கோயிலுக்குச் சென்று வணங்குவது மரபு. எதிர்த்துப் பேச இயலாத பணிப்பெண், வேலைக்காரி, கைவிடப்பட்ட மனைவி ஆகியோரே இக்கதைகளில் மரணத்துக்குப்பின் பலம் பெறுகிறார்கள். வாழ்க்கையில் அவர்களுக்குக் கிடைக்காத நியாயத்தைப் பார்வையாளர்கள் மேடையிலாவது கண்டு ஆறுதல் அடைந்தார்கள்.

வேதத்தின் முதல் கொலையிலும் மண்ணிலிருந்து ஒரு குரல் எழுந்ததை நீங்கள் அறிவீர்கள். ஆபேலின் இரத்தம் கூப்பிட்டபோது அதைக் கேட்டவர் தேவன். அங்கே ஆபேல் ஆவியாய்த் திரிந்து பழிவாங்கவில்லை. முறையீட்டைக் கேட்க ஒருவர் இருந்தார். கேட்பவர் எவருமில்லை என்ற எண்ணம் வரும் இடத்தில்தான் மனிதர்கள் பேய்களைக் கற்பித்துக்கொள்கிறார்கள்.

துக்கத்திலிருந்து வந்த வழக்கங்கள்

எல்லா வழக்கங்களும் கொடியவை என்று நான் சொல்லவில்லை. சில, துக்கம் காத்தவர்களின் மென்மையான நினைவுகள். ஜப்பானியர் உணவுக் குச்சிகளைச் சோற்றில் செங்குத்தாய் நட்டுவைக்கமாட்டார்கள். இறந்தவருக்குப் படைக்கும் சோற்றில்தான் அப்படி நடுவார்கள். ஒருவர் குச்சியிலிருந்து மற்றவர் குச்சிக்கு உணவை மாற்றுவதும் ஆகாது. தகனத்துக்குப் பின் எலும்புகளைச் சேகரிக்கும்போது உறவினர்கள் அவ்விதம் செய்கிறார்கள். வடக்கே தலைவைத்துப் படுப்பதில்லை. இறந்தவரின் உடலை அப்படிக் கிடத்துகிறார்கள். 'ஷி' என்ற ஒலி நான்கையும் குறிக்கும், சாவையும் குறிக்கும். அதனால் மருத்துவமனைகள் பலவற்றில் நான்காம் எண் அறை இல்லை.

சவ ஊர்தி கடந்துபோகும்போது குழந்தைகள் கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கி மறைத்துக்கொள்வார்கள். ஜப்பானிய மொழியில் கட்டைவிரலுக்குப் 'பெற்றோர் விரல்' என்று பெயர். தாயும் தகப்பனும் சாவின் கண்ணில் படக்கூடாது என்று ஒரு சிறுபிள்ளை விரலை மறைத்துக்கொள்வதைப் பார்த்து யார் கோபப்பட முடியும்? அன்பின் பயம் அது. அந்தப் பிள்ளையைக் கேலி செய்கிறவர், விரலை விட்டுவிட்டு அன்பையே காயப்படுத்துகிறார்.

நரியின் கல்யாணமும் நரிக் குடும்பமும்

வெயிலும் மழையும் ஒன்றாய் வரும்போது ஜப்பானியர் அதை 'நரியின் கல்யாணம்' என்பார்கள். நம் ஊரில் அதே நேரத்தில் காக்காய்க்கும் நரிக்கும் கல்யாணம் என்று சொல்லி நம்மில் பலர் குதித்து விளையாடியிருக்கிறோம். இத்தனை தூரத்திலுள்ள இரு மக்கள் ஒரே வானத்தைப் பார்த்து ஒரே விலங்கை நினைத்தது இன்பமான ஒற்றுமை. எதுவும் விளங்காமல் திகைத்து நிற்பவனை 'நரி கிள்ளிவிட்டது போல் இருக்கிறான்' என்றும் அங்கே சொல்வார்கள். இவையெல்லாம் எவரையும் புண்படுத்தாத பேச்சுகள்.

ஆனால் அதே நரி வேறொரு சொல்லிலும் வருகிறது. ஷிமானே போன்ற மேற்குப் பகுதிகளில் சில குடும்பங்களுக்கு 'நரி வைத்திருப்பவர்கள்' என்று பெயர் சூட்டப்பட்டது. அவர்கள் கண்ணுக்குத் தெரியாத நரிகளை வளர்க்கிறார்கள், அவற்றை ஏவிப் பிறருடைய செல்வத்தைக் கொண்டுவருகிறார்கள், பிடிக்காதவர்களுக்கு நோயை உண்டாக்குகிறார்கள் என்று ஊர் நம்பியது. அந்தப் பட்டம் பரம்பரையாய்த் தொடர்ந்தது. அக்குடும்பத்தில் பெண் எடுப்பாரும் இல்லை, கொடுப்பாரும் இல்லை. இருபதாம் நூற்றாண்டிலும் இதனால் திருமணங்கள் தடைபட்டன. இப்பட்டம் எப்படி வந்தது என்று தேடிய ஆய்வாளர்கள், எடோ காலத்தில் ஊருக்குப் புதிதாய் வந்து விரைவில் செல்வம் சேர்த்த குடும்பங்களின்மேல் பழைய குடிகள் கொண்ட பொறாமையைச் சுட்டிக்காட்டினார்கள். பொறாமை வெளிப்படையாய்ப் பேச வெட்கப்படும். ஆகவே நரியின் தோலைப் போர்த்திக்கொண்டது.

இதைத் துல்லியமாய்ச் சொல்லும் ஒரு சொற்றொடர் ஜப்பானியரின் அன்றாடப் பேச்சிலேயே உண்டு: 'கிஷின் அங்கி'. சீனத்திலிருந்து வந்த பழமொழியின் சுருக்கம் அது. சந்தேகம் கொண்ட மனம் இருட்டில் பேய்களைப் பெற்றெடுக்கும் என்பது அதன் கருத்து. அலுவலகத்தில் ஒருவரையொருவர் நம்பாமற்போகும் நிலைக்கும் இன்று அந்தச் சொல்லையே பயன்படுத்துகிறார்கள். பேய் எங்கே பிறக்கிறது என்று அந்த மொழியே தன் மக்களுக்குச் சொல்லிவைத்திருக்கிறது.

தீக்குதிரை ஆண்டு

இனி, கதையாய் நின்றுவிடாமல் புள்ளிவிவரங்களிலும் பதிந்த ஒரு பயத்தைக் கூறுகிறேன். கிழக்காசிய நாள்காட்டியில் அறுபது ஆண்டுகளுக்கு ஒருமுறை 'ஹினோஎ-உமா' என்னும் தீக்குதிரை ஆண்டு வரும். அவ்வாண்டில் பிறக்கும் பெண் அடங்காதவள், கணவனின் ஆயுளைக் குறைப்பவள் என்பது ஜப்பானில் பரவிய நம்பிக்கை. இதனோடு ஓஷிச்சி என்ற சிறுமியின் பெயர் இணைந்தது. எடோ நகரில் காய்கறி வியாபாரியின் மகளான அவள், தீவிபத்தின்போது தஞ்சம் புகுந்த கோயிலில் ஓர் இளைஞனை நேசித்தாள். மறுபடியும் தீப்பிடித்தால் அவனைக் காணலாம் என்று எண்ணித் தீவைத்தாள். 1683-இல் எரித்துக் கொல்லப்பட்டாள் என்பது கதை. அவள் 1666-ஆம் ஆண்டின் தீக்குதிரையில் பிறந்தவள் என்று பிற்காலத்தார் சேர்த்துச் சொன்னார்கள். பேதைமையால் தவறு செய்த ஒரு சிறுமியின் பரிதாபமான முடிவு, பின்வந்த தலைமுறைகளின் பெண் குழந்தைகளுக்கெல்லாம் எதிரான சாட்சியாகிவிட்டது.

1906 தீக்குதிரை ஆண்டு. அவ்வாண்டில் பிறந்த பெண் குழந்தைகள் பலரின் பிறப்பை முந்தைய அல்லது அடுத்த ஆண்டில் பிறந்ததாகப் பெற்றோர் பதிவு செய்தார்கள் என்பதை மக்கள்தொகைக் கணக்குகள் காட்டுகின்றன. அடுத்தது 1966. தொலைக்காட்சியும் அதிவேக ரயிலும் வந்துவிட்ட ஜப்பான்; டோக்கியோ ஒலிம்பிக் முடிந்து இரண்டே ஆண்டுகள். 1965-இல் பிறந்தவர்கள் ஏறத்தாழ 18.2 லட்சம். 1966-இல் 13.6 லட்சம். 1967-இல் 19.4 லட்சம். ஒரே ஆண்டில் நான்கில் ஒரு பங்கு குறைந்து, மறு ஆண்டே எண்ணிக்கை மீண்டும் எழும்பிவிட்டது. போரில்லை, பஞ்சமில்லை, கொள்ளைநோயில்லை. கருத்தடையாலும் கருக்கலைப்பாலும் ஒரு பழங்கதைக்காகக் குறைந்த எண்ணிக்கை அது.

அந்தப் பெற்றோர் எல்லாரும் தீக்குதிரையை நம்பியவர்கள் என்று நினையாதீர்கள். 'எனக்கு நம்பிக்கையில்லை, ஆனால் நாளை என் மகளை ஊரார் ஒதுக்கினால்?' என்று அஞ்சியவர்களும் அவர்களில் இருந்திருப்பார்கள். மூடநம்பிக்கையின் பலம் பெரும்பாலும் இதில்தான் இருக்கிறது. நம்பாதவர்களும், மற்றவர்கள் நம்புவதாக எண்ணி அதற்குக் கீழ்ப்படிகிறார்கள். 2026 மறுபடியும் தீக்குதிரை ஆண்டு என்பதை நினைவில் வையுங்கள். அந்த ஆண்டில் பிறக்கும் ஒவ்வொரு பெண் குழந்தையும் எந்தப் பழியும் சுமக்காமல் பிறக்கிறாள் என்று சொல்ல அங்கே தைரியமுள்ள தாத்தா பாட்டிகள் தேவை.

இங்கே இன்னொரு சொல்லையும் சொல்லியாக வேண்டும். 'மாபிகி' என்றால், நெருக்கமாய் முளைத்த நாற்றுகளில் சிலவற்றைப் பிடுங்கி எறிதல். எடோ காலத்தில் வறுமையால் பிறந்த குழந்தையைக் கொல்வதற்கும் அதே சொல்லை வழங்கினார்கள். ஜப்பானிய நாட்டார் வழக்காற்றியலின் தந்தை எனப்படும் யானகிதா குனியோ, சிறுவனாயிருந்தபோது இபராக்கி பகுதியிலுள்ள ஒரு கோயிலில் ஒரு நேர்ச்சைப் பலகையைக் கண்டார். அதில் ஒரு தாய், பிறந்த குழந்தையை அழுத்திக் கொல்கிறாள். திரையில் விழும் அவள் நிழலுக்குக் கொம்புகள் இருக்கின்றன. அந்தக் காட்சி அவர் மனதைவிட்டு அகலவேயில்லை. 1910-இல் 'தோனோ மோனோகதாரி' என்ற புகழ்பெற்ற தொகுப்பை வெளியிட்டு, மலைநாட்டு மக்களின் விந்தைக் கதைகளை உலகறியச் செய்தவர் அவரே. கொம்பு முளைத்த அந்த நிழலுக்குப் பின்னே ஒரு பசித்த தாய் இருந்தாள் என்பதை அவர் மறக்கவில்லை.

மிதித்துக் காட்டு

நம்மை நேரடியாய்த் தொடும் ஒரு சொல்லும் உண்டு. இன்றைய ஜப்பானியச் செய்தித்தாள்களில், ஒரு கட்சித் தலைவர் தம் உறுப்பினர்களின் விசுவாசத்தைச் சோதிக்கும்படி ஒரு நிபந்தனை வைத்தால், அதை 'ஃபுமி-எ' என்று எழுதுவார்கள். சொல்லின் பொருள் 'மிதிக்கும் படம்'. 1614-இல் ஜப்பான் முழுவதும் கிறிஸ்தவம் தடைசெய்யப்பட்டது. 1620-களின் இறுதியிலிருந்து நாகசாகியில் கிறிஸ்துவின் அல்லது மரியாளின் உருவத்தைத் தரையில் வைத்து, மக்களை வரிசையாய் அழைத்து மிதிக்கச் செய்தார்கள். பின்னாளில் அது ஆண்டுதோறும் புத்தாண்டுக் காலச் சடங்காகி, 1850-கள் வரை நடந்தது. மறுத்தவர்களுக்குச் சித்திரவதை காத்திருந்தது. காட்டிக்கொடுப்பவர்களுக்கு வெள்ளி வெகுமதி என்று அறிவிப்புப் பலகைகள் நின்றன. அவை 1873-இல்தான் அகற்றப்பட்டன. அந்த இருநூற்றைம்பது ஆண்டுகளில் மக்களுக்கான கதைப்புத்தகங்கள் கிறிஸ்தவர்களைத் தீய மந்திரவாதிகளாய்ச் சித்திரித்தன. பேய்க்கதையின் பேயாய் நம்மவர்களே ஆக்கப்பட்டார்கள்.

இதை ஜப்பானியரைக் குறைகூறச் சொல்லவில்லை. நம் வரலாற்றை நாமும் பார்க்க வேண்டும். அதே நூற்றாண்டில் ஐரோப்பாவிலே, கிறிஸ்துவின் பெயரைச் சொன்னவர்கள், சூனியக்காரிகள் என்று சொல்லி ஆயிரக்கணக்கான ஏழைப் பெண்களைக் கொன்றார்கள். நம் பயம் பரிசுத்தமானது, அவர்கள் பயம் மட்டும் மூடத்தனம் என்று நாம் பேச இயலாது.

இரண்டு குழிகள்

நள்ளிரவு கடந்த 'எருது வேளையில்' கோயில் மரத்தில் வைக்கோல் பொம்மையை ஆணியால் அறைந்து எதிரியைச் சபிக்கும் வழக்கம் பழைய ஜப்பானில் இருந்தது. சபிப்பதைக் கண்டிக்கும் ஒரு பழமொழி இன்றும் வழக்கில் உள்ளது: ஒருவனைச் சபிக்கப் புறப்பட்டால் இரண்டு குழிகளைத் தோண்டு. ஒன்று அவனுக்கு, மற்றொன்று உனக்கு. பிறருக்குக் குழி வெட்டுகிறவனைப்பற்றி நீதிமொழிகளின் புத்தகம் எச்சரிப்பதை வாசித்தவர்களுக்கு இது அந்நியமாய்த் தோன்றாது.

ஆகவே, பிரியமானவர்களே, இந்த வாரம் மூன்று காரியங்களைச் செய்யுங்கள். முதலாவது, உங்கள் குடும்பத்திலோ தெருவிலோ ஒருவருடைய பிறப்பையும் வருகையையும் காட்டி, 'இவர் வந்த நேரம் சரியில்லை' என்று பேசப்படுமானால், அந்த இடத்திலேயே அதை மறுத்துப் பேசுங்கள். மௌனமாயிருந்துவிட்டு வீட்டுக்கு வந்து, எனக்கு அதில் நம்பிக்கையில்லை என்று சொல்வது போதாது. இரண்டாவது, உங்கள்மேல் மனத்தாங்கலோடு இருப்பவர் எவர் என்று யோசியுங்கள். உங்கள் வீட்டில் வேலை செய்பவராயிருக்கலாம், பங்கு பிரிக்கையில் குறைவாய்ப் பெற்ற சகோதரியாயிருக்கலாம். அவர் உயிரோடிருக்கிறார், நீங்களும் உயிரோடிருக்கிறீர்கள். அவர் கணக்கில் விடுபட்ட அந்தப் 'பத்தை' நீங்கள் போய்ச் சொல்லுங்கள். இறந்தபின் கல்லறையில் வைக்கும் மலர்வளையம் அவருக்குப் பயன்படாது. மூன்றாவது, ஒரு பயந்த மனிதர் தம் பயத்தை உங்களிடம் சொன்னால் சிரிக்காதீர்கள். எந்த இழப்பிலிருந்து அந்தப் பயம் வந்தது என்று பொறுமையாய்க் கேளுங்கள். பல வேளைகளில், கேட்டு முடிக்கும்போது பயம் பாதியாய்க் குறைந்திருக்கும்.

நாம் ஆராதிக்கிறவர் பொய்க்குற்றம் சாட்டப்பட்டு, நியாயம் மறுக்கப்பட்டு, நகரத்துக்கு வெளியே கொல்லப்பட்டவர். அவர் உயிர்த்தெழுந்து, தம்மைக் கைவிட்டு ஓடிய சீஷர்கள் பயந்து கதவைப் பூட்டிக்கொண்டிருந்த அறைக்குள் வந்தபோது, முதலில் ஓர் ஆவியைக் காண்பதாக நினைத்து அவர்கள் கலங்கினார்கள். அவரோ பழிவாங்க வரவில்லை. சமாதானத்தைக் கூறினார், காயங்களைக் காட்டினார், உண்பதற்கு ஏதேனும் உண்டா என்று கேட்டார். அநியாயமாய் இறந்தவர் ஒருவர் திரும்பி வந்தபோது பயம் நீங்கிய வீடு அது. அந்தச் சமாதானம் உங்கள் வீட்டிலும், உங்களால் காயப்பட்டவர்களின் வீட்டிலும் தங்குவதாக. ஆமென்.